தளம் கேட்கும் எண்

அமீரக அடையாள அட்டையில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் 784. அது அந்த நாட்டுக்கான உலகக் குறியீடு. அடுத்த நான்கு, அட்டைக்காரர் பிறந்த ஆண்டு. கத்தார் அட்டையில் 11 இலக்கம். பிறந்த ஆண்டை அடுத்து அதில் வருவது சொந்த நாட்டின் குறியீடு: இந்தியருக்கு 356, இலங்கையருக்கு 144. குவைத்தின் சிவில் அட்டை எண்ணுக்குள் பிறந்த தேதி முழுவதும் அடக்கம். சவூதியில் வெளிநாட்டவரின் வசிப்பு அட்டையான இக்காமாவின் எண் 2இல் தொடங்கும். அந்நாட்டுக் குடிமக்களின் எண் 1இல் தொடங்கும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இவர் இந்த மண்ணுக்காரரா, வந்து பிழைப்பவரா என்று சொல்லிவிடலாம். ஊரில் ரேஷன் அட்டை எண்ணை ஒருநாளும் மனப்பாடம் செய்யாதவர்கூட ரியாத்தில் இக்காமா எண்ணைத் தடுமாறாமல் ஒப்பிப்பார். எந்த அரசுத் தளத்தைத் திறந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பள்ளிக் கணினிப் பாடம் இணையதளங்களை வணிகத் தளம், கல்வித் தளம், அரசுத் தளம், செய்தித் தளம், பொழுதுபோக்குத் தளம் என்று பிரித்துவைக்கும். தளம் எதைத் தருகிறது என்பதை வைத்துச் செய்த பிரிவு அது. பரீட்சைக்குப் போதும். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழருக்கு அது பாதிவழிகூட வராது. அங்கே ஒரு தளத்தின் இனம், அது தருவதைவிடக் கேட்பதை வைத்தே பிடிபடுகிறது. பாஸ்போர்ட் எண் கேட்கும் தளம் ஒரு வகை. விசா என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்கும் தளம் இன்னொரு வகை. சாதியும் நட்சத்திரமும் கேட்பது மூன்றாவது. எதையுமே கேட்காதவையும் உண்டு.

அமீரகத்துப் பொதுமக்களுக்கு எதிசலாத் வழியாக இணையம் வந்தது 1995இல். துபாய் தன் மின்னரசுத் தளத்தை 2001 அக்டோபரில் திறந்தது. 2021 டிசம்பரில், தாளே இல்லாமல் இயங்கும் உலகின் முதல் அரசு தன்னுடையது என்று துபாய் அறிவித்தது. மிச்சமான தாள் 33.6 கோடி என்று கணக்கும் சொன்னது. இந்தப் பெருமிதத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் ஒரு வருமானச் சான்றிதழுக்கு அலைந்து பழகியவர், துபாயில் விசா புதுப்பிக்கப்பட்ட செய்தி கைப்பேசிக்கு வந்து விழுவதை முதலில் நம்பவே மாட்டார். ஆனால் தாள் போனதே தவிர, தாளை நிரப்பித் தந்த ஆள் போகவில்லை. தேரா, முசாஃபா, ஷார்ஜா ரோலா என்று எங்கே திரும்பினாலும் டைப்பிங் சென்டர்கள். அரபியும் ஆங்கிலமும் கைவராதவருக்கு அரசின் இணையதளம் என்பது அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே கணினிமுன் உட்கார்ந்திருக்கும் ஒரு மலையாளியோ பாகிஸ்தானியோதான். மின்னரசின் உண்மையான முகப்புப் பக்கம் அவர் முகம்.

சவூதியின் அப்ஷர் இந்த வகையின் உச்சம். உள்துறை அமைச்சகத்தின் தளம். பாஸ்போர்ட், வாகனம், அபராதம், பயண அனுமதி எல்லாம் ஒரே இடத்தில். 2019 பிப்ரவரியில் உலகப் பத்திரிகைகள் அதன்மேல் பாய்ந்தன. ஒரு பெண் நாட்டைவிட்டுப் போகலாமா கூடாதா என்பதை அவளுடைய ஆண் காப்பாளர் அந்தச் செயலியில் முடிவு செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. அது நியாயமான கோபம். ஆனால் அதே தளத்தில் லட்சக்கணக்கான ஆண்களின் பயணத்தையும் வேறொருவர் முடிவு செய்துகொண்டிருந்தார் என்பது அந்தச் சத்தத்தில் அதிகம் காதில் விழவில்லை. கஃபீல் எனப்படும் முதலாளி அனுமதித்தால் எக்ஸிட் ரீ-என்ட்ரி, அதாவது போய்த் திரும்பும் அனுமதி. இல்லையென்றால் தங்கை கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டியதுதான்.

அதைவிட அஞ்சத்தக்கது ஹுரூப். தொழிலாளி வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் புகார் அது. அதையும் இணையத்திலேயே கொடுத்துவிடலாம். பிடிபட்டால் சிறை, நாடுகடத்தல். தன்மேல் ஹுரூப் விழுந்திருக்கிறதா என்று தொழிலாளி தெரிந்துகொள்ளவும் தளம் உண்டு. இக்காமா எண்ணை இட்டால் நிலையைக் காட்டும். சம்பளத் தகராறு தொடங்கிய நாளிலிருந்து காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தித் தளம் என்றால் அவர்களுக்கு அதுதான். ஒரே ஒருவரைப் பற்றிய ஒரே ஒரு செய்தி.

2021 மார்ச் 14 முதல் சவூதியில் நிலைமை கொஞ்சம் மாறியது. ஒப்பந்தக் காலம் முடிந்தவர் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம், பயண அனுமதிக்குத் தொழிலாளி தாமே அப்ஷரிலும் தொழிலாளர் அமைச்சகத் தளமான கிவாவிலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் வந்தது. வரவேற்றவர்கள் பலர் அறிவிப்பின் கடைசி வரியைப் படிக்கவில்லை. வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர், விவசாயக் கூலி ஆகியோருக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஹவுஸ் டிரைவர் விசாவில் போனவர்கள் அந்த வரியில்தான் இருந்தார்கள். கத்தார் 2018இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதியை ஒழித்தது. குவைத்தோ எதிர்த்திசையில் நடந்து, தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் எல்லோரும் நாட்டைவிட்டுக் கிளம்புமுன் முதலாளியிடம் அனுமதி பெற வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் விதித்தது. அந்த அனுமதியும் இணையவழியில்தான். பொத்தான் நவீனமானது, அதை அழுத்தும் விரல் பழைய விரல்.

கடலுக்கு இந்தப் பக்கத்திலும் ஒரு தளம் நிற்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி இப்போது இந்தத் தளத்தின் வழியே. முதலாளி இதில் பதிந்திருக்க வேண்டும், ஏஜெண்ட் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், ஏஜெண்ட் வாங்கும் கூலி 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தாண்டக் கூடாது. உரிமம் இல்லாமல் ஆள் பிடிப்பவர்களின் பட்டியலும் மாநில வாரியாக அங்கே கிடக்கிறது. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது; அதற்கும் தளம் உண்டு, காலியிடங்கள் அதில் வெளியாகின்றன.

இவ்வளவு இருந்தும் பலர் விசிட் விசாவில்தான் போகிறார்கள். சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு போய், அங்கே இறங்கிய பிறகு வேலை விசாவுக்கு மாறுவது. சென்னை விமான நிலையத்தில் இ-மைகிரேட் அவர்களைப் பார்ப்பதே இல்லை. இதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தத் தளம் கேட்கும் அத்தனை ஆவணங்களையும் தரத் தயாராக இருக்கும் முதலாளிக்கு ஆள் கிடைப்பதில் கஷ்டமே இருப்பதில்லை. தராத முதலாளியிடம்தான் அவசர வேலை இருக்கிறது, ஏஜெண்டுக்கு லாபமும் அங்கேதான் இருக்கிறது. தளம் ஒழுங்கானவர்களைத்தான் ஒழுங்குபடுத்துகிறது.

அமீரகம் ஒரு விஷயத்தில் இந்தியாவை முந்திக்கொண்டது என்றால் பலர் வியக்கக்கூடும். 2016 ஜனவரி முதல், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் வேலை வாக்குறுதிக் கடிதத்தைத் தர வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் அச்சடித்துத் தந்த மொழிகளில் இந்தி, உருது, மலையாளம், சிங்களம் ஆகியவற்றோடு தமிழும் ஒன்று. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்பதைத் தமிழில் படித்துக் கையெழுத்திடலாம். அந்தக் கடிதத்துக்கும் எண் உண்டு. அமைச்சகத் தளத்தில் இட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம். போலிக் கடிதத்துக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏமாந்தவர்களின் கதை ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டையில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். சரிபார்க்கச் சில நிமிடம் போதும். அந்த வசதி இருப்பது ஏஜெண்டுக்குத் தெரியும், போகிறவருக்குத் தெரியாது என்பதில்தான் ஏமாற்றுத் தொழிலே நிற்கிறது.

வேலை தேடித் தரும் தனியார் தளங்கள் வேறு ரகம். துபாயில் 2000இல் தொடங்கிய பெய்த்.காம், இந்தியாவின் நௌக்ரி நடத்தும் நௌக்ரி கல்ஃப் போன்றவை. இவற்றில் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள் வரும்: தேசியம், விசா நிலை. பொறியியல் படித்த கோயம்புத்தூர்க்காரர் முதல்முறை அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, தம்முடைய பட்டத்தைவிட பாஸ்போர்ட்டின் நிறத்துக்குக் கூடுதல் விலை இருப்பதைத் தெரிந்துகொள்கிறார்.

ஒரு தளம் எந்த வகையாக முடியும் என்பது அதைத் தொடங்கியவர் கையிலும் இல்லை. ஜோர்டானில் சமீஹ் தூக்கான், ஹுசாம் கூரி இருவரும் அரபியில் மின்னஞ்சல் எழுத வசதியாக மக்தூப் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அதன் ஒரு கிளையாக 2005இல் ரொனால்டோ முஷாவர் ஆரம்பித்த ஏலப் பக்கம்தான் சூக்.காம். 2009இல் யாஹூ மக்தூபை வாங்கியபோது சூக்கை விட்டுவிட்டது. மின்னஞ்சல் கரைந்தது, சந்தை வளர்ந்தது. 2017இல் அமேசான் சூக்கை வாங்கத் தந்தது 58 கோடி டாலர். 2019 மே முதல் அந்தத் தளம் அமீரகத்தின் அமேசான்.

தமிழுக்கு இதே கதை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. முருகவேல் ஜானகிராமன் 1997இல் தொடங்கியது தமிழருக்கான பொதுத் தளம்: பஞ்சாங்கம், பண்டிகை, செய்தி, இன்ன பிற. வந்தவர்கள் எல்லோரும் அதிலிருந்த கல்யாண விளம்பரப் பக்கத்துக்கே போனார்கள். அவரும் அவர்கள் வழியிலேயே போய் மேட்ரிமோனித் தளத்தை உருவாக்கினார். பெண் வீட்டார் சாதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் சலித்த பிறகு கடைசியில் அழுத்துவது மாப்பிள்ளை வேலை பார்க்கும் நாடு. அமீரகம் என்றால் குடும்பத்தோடு இருக்கலாம். சவூதி என்றால் யோசிப்பார்கள். விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போகும் அளவு சம்பளம் உண்டா என்று அடுத்த கேள்வி வரும். வளைகுடா நாடுகளின் குடிவரவுச் சட்டத்தை மன்னார்குடி மாமியார்கள் அளவுக்குத் துல்லியமாக அறிந்தவர்கள் குறைவு.

சந்தைத் தளங்களில் தனியாகச் சொல்ல வேண்டியது சவூதியின் ஹராஜ். பழைய கார், நிலம், ஒட்டகம், ஆடு, செல்பேசி எல்லாம் விற்கும் தளம். விற்றவர் நூற்றுக்கு ஒன்று தரகு கட்ட வேண்டும். விற்றாரா, எவ்வளவுக்கு விற்றார் என்று தளத்துக்குத் தெரிய வழியில்லை, கேட்பதும் இல்லை. தரகு உங்கள் மனசாட்சியின் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம் என்று எழுதி, விளம்பரம் போடுபவரிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறது. எண்ணும் கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியீடும் கேட்கும் நாட்டில், ஆளின் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு வணிகத் தளம் நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் யாராவது இதைத் திட்டமாகக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சூக் பிறந்த அதே 2005இல் துபாயில் வந்த டுபிசில் கேட்பது வேறு. கார், சோபா என்று விற்றாலும் சம்பளம் குறைந்தவர் அதில் முதலில் தேடுவது பெட் ஸ்பேஸ். ஓர் அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, குளியலறைக்கு வரிசை. தளம் வருவதற்கு முன் இந்த விளம்பரம் கராமா, சத்வா பேருந்து நிறுத்தங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் காகிதத்தில் தொங்கியது. தளம் வந்த பிறகும் தொங்குகிறது. தமிழர் மட்டும், மலையாளி மட்டும், எக்ஸிக்யூட்டிவ் பேச்சலர் மட்டும், சைவம் மட்டும். இதைப் பாகுபாடு என்று கடிந்துகொள்ள இடமுண்டு. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ரசத்தின் வாசனையும் தொலைக்காட்சியின் மொழியும் சண்டையாகும் என்பதை அறிந்தவர் அவ்வளவு சீக்கிரம் கடிந்துகொள்ள மாட்டார். துபாய் நிலத்துறை 2022இல், வீட்டில் குடியிருக்கும் அத்தனை பேரின் விவரத்தையும் செயலியில் பதியச் சொன்னது. கட்டிலுக்கு வாடகை கொடுப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பதிவில் ஏறியிருப்பார்கள் என்பது வீட்டுக்காரருக்கு வெளிச்சம்.

எண்ணின் ஆட்சி ஒரே ஒருமுறை தலைகீழானது. 2020 மார்ச்சில் இந்தியா விமானங்களை நிறுத்தியது. ஏப்ரல் 29ஆம் தேதி இரவு, ஊர் திரும்ப விரும்புவோர் பதிவு செய்யலாம் என்று அமீரகத்திலுள்ள இந்தியத் தூதரகம் அறிவித்தது. ஒரு சாதாரண விண்ணப்பப் பக்கம்தான். தொடக்கத்தில் கூட்டம் தாங்காமல் அது திறக்கவே மறுத்தது. சில நாட்களில் 1.5 லட்சம் பேருக்கு மேல் பதிந்துவிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலை இழந்தவர் என்று துபாய் துணைத் தூதரகம் சொன்னது. அதுவரை இந்த மக்கள் தளங்களில் தந்ததெல்லாம் இங்கே தங்குவதற்கான தகுதி. முதல் தடவையாக, இங்கிருந்து போவதற்கான தகுதியை எழுத வேண்டியிருந்தது: கர்ப்பம், முதுமை, நோய், வேலையின்மை. மே 7ஆம் தேதி முதல் விமானங்கள் கேரளத்துக்குப் போயின. மறுநாள் இரவு துபாயிலிருந்து சென்னைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் 200 பேருக்கும் குறைவு. டிக்கெட் காசு அவரவர் கையிலிருந்து. 1.5 லட்சத்தில் அந்த 200 பேரில் ஒருவராக இருப்பதற்கு எதை எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுவதும் அறைகளில் பேச்சு.

எதையும் கேட்காத தளம் என்று சொன்னதில் ஒன்று, தடுக்கப்பட்ட தளத்துக்குப் பதிலாக வந்து நிற்கும் அறிவிப்புப் பக்கம். பாதுகாப்பாக உலாவுங்கள், இந்தத் தளம் அமீரகத்தில் திறக்காது என்று அது சொல்லும். சூதாட்டம், ஆபாசம் போன்றவை தடுக்கப்படுவதை அங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு போகாததுதான் ஆதங்கம். சவூதி 2017இல் இணையவழி அழைப்புக்கான தடையை விலக்குவதாக அறிவித்தது. அமீரகத்தில் மாதம் 50 திர்ஹம் கட்டி போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலியில் பேச வழி செய்தார்கள். ஆயிரம் திர்ஹம் சம்பளக்காரருக்கு அது சம்பளத்தில் இருபதில் ஒரு பங்காக இருந்தது.

மற்றொன்று ஊர்த் தளம். வளைகுடாத் தமிழர் உருவாக்கியவற்றில் இதுவே அவர்களுக்கு மட்டுமேயானது. பாடப்புத்தகத்தின் எந்த வகையிலும் அடங்காது. காயல்பட்டினத்துக்கு காயல்பட்டணம்.காம், அதிராம்பட்டினத்துக்கு ஒன்றல்ல, அதிரை நிருபர், அதிரை எக்ஸ்பிரஸ், அதிரை நியூஸ், அதிரை பிறை என்று பல. ஊருக்கு இத்தனை தளம் எதற்கு என்றால், ஊருக்குள் இத்தனை கருத்து இருக்கிறது, பிறை பார்ப்பதில் தொடங்கி. நகராட்சிக் கூட்டம், மின்வெட்டு, குடிநீர், ரயில் நேரம், பள்ளி மாணவர் மதிப்பெண், காயல்பட்டினத்தில் பக்கத்து ரசாயன ஆலையின் கழிவு, ரியாத், ஜித்தா, துபாய், கத்தார் காயல் நல மன்றங்களின் கூட்டக் குறிப்பு, மருத்துவ உதவிக்கான வேண்டுகோள் எல்லாம் அதில் வரும்.

ஆனால் பிழைக்க வெளிநாடு போன சபுராளிகள் முதலில் பார்த்தது மரண அறிவிப்பை. இன்னாரின் மகளும், மர்ஹூம் இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாருமான இன்னார். ஜனாஸா இன்று அஸருக்குப் பின் இந்தப் பள்ளியில். தெருப் பெயர் இருக்கும், குடும்பப் பெயர் இருக்கும், பட்டப்பெயர்கூட இருக்கும். எட்டு வருடம் ஊர் பார்க்காதவருக்கும் இறந்தது யாரென்று ஒரு நொடியில் விளங்கிவிடும். கட்டுரைகளையும் கவிதைகளையும் வைத்து இணையத் தமிழின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த அறிவிப்புகளை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கடற்கரை ஊரின் கால் நூற்றாண்டு உறவுமுறைப் பதிவேடு அதில் இருக்கிறது.

இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. செய்தி இன்னும் விரைவாகப் போகிறது. ஆனால் தேடினால் கூகுளில் அகப்படாது, கைப்பேசி மாறினால் அதுவும் போயிற்று. பழைய ஊர்த் தளங்களை நடத்தியவர்கள் பத்திரிகை முதலாளிகள் அல்லர். சொந்தச் சம்பளத்திலிருந்து தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கு, ஒரேயடியாக ஊருக்கு அனுப்பும் எக்ஸிட் அடித்துவிட்டால், அல்லது வங்கி அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்புத் தொகை போகாமல் நின்றுவிட்டால், சில வாரத் தவணைக்குப் பின் தளத்தின் பெயர் ஏலத்துக்கு வரும். வாங்குபவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். அதில் சூதாட்ட விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க, முத்துப்பேட்டையோ கீழக்கரையோ எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.